பட்டியலில் பதினோராவது பெயர்

ரொறன்ரோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டார். எங்கள் நாட்டு உதைபந்தாட்ட அணியின் சரித்திரத்தை எழுதுகிறேன், அதற்காக இங்கே ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்றேன். அவர் கடவுச்சீட்டைத் திருப்பி நாட்டின் பெயரைப் பார்த்தார். "பெரிய புத்தகமா?" என்று கேட்டார். அவர் நக்கலாகக் கேட்கவில்லை. எத்தனை நாள் தங்குவேன் என்று மதிப்பிடத்தான் கேட்டிருக்க வேண்டும். சின்னப் புத்தகம் என்றேன். முத்திரை குத்தி அனுப்பினார்.

தெற்கே அமெரிக்காவில் உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்த கோடை அது. விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் கார்களில் கொடிகள் பறந்தன. இத்தாலிக் கொடி, பிறேசில் கொடி, இன்னும் எனக்குத் தெரியாத நாலைந்து. காரை ஓட்டியவன் என் தங்கையின் மகன் கருணா. வோபர்னில் இருக்கிறான்.

"மாமா, உவ்வளவு தூரம் வந்தது ஒரு ஆளைப் பாக்கவோ?" என்று கேட்டான்.

"ஓம்."

"போனிலை கேட்டிருந்தா அந்தாள் சொல்லாதே?"

போனில் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். அதுதான் பிரச்சினை. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் என் வாழ்க்கையின் பெரும் பகுதி கழிந்தது. அங்கே நான் கற்றுக்கொண்டது, ஆளை நேரே பார்க்காமல் எழுதக்கூடாது என்பது. அதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பது பிறகு வரும்.

எங்கள் அணியின் சரித்திரம் பெரும்பாலும் தோற்ற சரித்திரம். ஆரம்பத்தில் பாதிப்பேர் வெறுங்காலோடு, கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு ஆடினார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் என்று ஒரே வரிசையில் நின்றார்கள். பொலிஸ்காரர், பட்டாளத்தார், துறைமுகத் தொழிலாளி, கந்தோர்க் கிளாக்கர் என்று கலந்திருந்தார்கள். வென்றால் பத்திரிகையில் அரைப் பத்தி, தோற்றால் கால் பத்தி, கிரிக்கெட் நடந்தால் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட ஆட்களின் பெயராவது ஓரிடத்தில் அச்சில் இருக்கட்டும் என்றுதான் தொடங்கினேன். நாட்டுக்காக ஆடியவர்களில் உயிரோடு இருப்பவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய் நேரில் உறுதிப்படுத்தினேன். கடைசியில் மிஞ்சியது ஒரு பழைய ஆட்டத்தின் பட்டியலில் பதினோராவது பெயர். சூ. கிறகோரி. அயல்நாடு ஒன்றில் நடந்த அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். எங்கள் பக்கத்துக்கு விழுந்த ஒரே கோலை அடித்தவர் அவர். இப்போது ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் என்ற பகுதியில் இருப்பதாகத் தகவல்.

மறுநாள் எழும்பியபோது வீட்டில் ஒருவரும் இல்லை. எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மேசையில் கடை இடியப்பம் பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தது. பக்கத்தில் கருணாவின் மனைவி எழுதி வைத்த துண்டு: "சொதி ஃபிரிட்ஜில். சம்பலைச் சூடாக்க வேண்டாம்." சொதியைச் சூடாக்கும் இயந்திரத்தில் முப்பது பொத்தான் இருந்தது. ஒன்றை அமத்தினேன், விளக்கு எரிந்தது, சொதி சுழன்றது, பிறகு பொங்கி உள்ளே முழுக்கக் கொட்டியது. துடைத்துவிட்டுச் சம்பலோடு சாப்பிட்டேன். இடியப்பம் நன்றாகவே இருந்தது. கொழும்பில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கடை இடியப்பத்தைவிட நன்றாக இருந்தது என்று சொன்னால் அந்தக் கடைக்காரர் கோபிப்பார்.

வியாழக்கிழமை சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் ஏறும்போது சாரதி ஒரு துண்டு தந்தார். அதைக் காட்டினால் அடுத்த பஸ்ஸுக்கும் சப்வேக்கும் வேறு காசு வேண்டாம் என்று கருணா சொல்லியிருந்தான். பாதி வழியில் ஒரு தமிழ் மீன்கடை தெரிந்தது. இறங்கி, ஐஸில் கிடந்த விளைமீனை விலை கேட்டேன். விலையைக் கேட்டபின் மீனைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன். திரும்பி வந்து அடுத்த பஸ்ஸில் துண்டை நீட்டினால் சாரதி ஏற்கவில்லை. இந்தத் துண்டு நிற்காமல் பயணம் செய்கிறவர்களுக்குத்தான் என்று பொறுமையாக விளக்கினார். கொழும்பு நடத்துநர் என்றால் என்னை ஏசிவிட்டு ஏற்றியிருப்பார். இவர் ஏசவும் இல்லை, ஏற்றவும் இல்லை.

சப்வேயில் பக்கத்தில் இருந்த போர்த்துக்கீசக் கிழவர் ஒருவர் என் கையில் இருந்த பழைய அணிப் படத்தை எட்டிப் பார்த்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சேர்ந்து நடத்திய பேச்சை இங்கே தமிழில் தருகிறேன்.

"எந்த நாடு?"

"இலங்கை."

"நல்ல அணியா?"

"நல்லவர்கள்."

"வெல்வார்களா?"

"நல்லவர்கள் என்று சொன்னேனே."

அவர் என் தோளில் தட்டினார். அவருடைய நாடும் அந்த முறை உலகக் கிண்ணத்துக்கு வரவில்லை என்று சொன்னார். இறங்கும்வரை இருவரும் அதைப்பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

கிறகோரியின் கட்டடத்தில் இரண்டு லிஃப்டில் ஒன்று வேலை செய்யவில்லை. மற்றதில் யாரோ கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டில் போய்ச் சேரும்வரை இருபது பேர் வரிசையில் நின்றோம். அதில் பாதிப்பேர் தமிழர். ஒரு பெண் மற்றவளிடம், "இந்த லிஃப்ட் எண்டைக்குச் சரியா ஓடுதோ அண்டைக்கு நான் வீடு மாறிப் போயிருப்பன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிறகோரி உயரமான மனிதர். மை பூசிய தலைமயிர், மடிப்புக் கலையாத சேர்ட். அந்த நாளில் கப்பலில் வேலை செய்தவர். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட பட்டயங்கள். ஊர்ச் சங்கங்கள் கொடுத்தவை. எல்லாவற்றிலும் "தேசிய வீரர்" என்று இருந்தது. அவருடைய மனைவி பிலோமினா கட்லட்டும் சோடாவும் கொண்டுவந்து வைத்தார். கட்லட்டில் மிளகு தூக்கலாக, அருமையாக இருந்தது. நான் மூன்றாவதை எடுத்துக்கொண்டு அந்தக் கோலைப் பற்றிச் சொல்லச் சொன்னேன்.

கிறகோரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்டைக்கு நல்ல மழை. நிலமெல்லாம் சேறு. நாங்கள் தோக்கிறம் எண்டு தெரியும். அப்பத்தான், இடப்புறமிருந்து வந்த பந்தை, எதிரணிக் காவலர் இருவருக்கு மேலாக எழும்பி, மின்னல் வேகத்தில் தலையால் அடித்து வலைக்குள் சேர்த்தனான்."

நான் கட்லட்டைத் தட்டில் வைத்தேன். வீட்டில் இருந்து கதைக்கிற எவரும் "எதிரணிக் காவலர் இருவருக்கு மேலாக" என்று சொல்வதில்லை. அது பத்திரிகை வசனம். யார் எழுதியது என்றும் எனக்குத் தெரியும். நான் எழுதியது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதம். ஆட்டம் நடந்த நாட்டிலிருந்து வந்த தந்தியில் இருந்தவை மூன்றே விடயம்: தோற்றோம், மழை, எங்கள் கோல் கிறகோரி. பக்கத்தில் அரைப் பத்தி வெள்ளையாகக் கிடந்தது. ஆசிரியர் அதை நிரப்பச் சொன்னார். நான் இடப்புறத்தையும், காவலர் இருவரையும், மின்னலையும், தலையையும் போட்டு நிரப்பினேன். அந்த ஆட்டத்தில் தலையால் கோல் அடித்தார்களா, காலால் அடித்தார்களா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பத்திரிகை வந்த அன்று அந்த வசனத்தை நானே நாலுதரம் வாசித்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் வெட்கமாக மாறிய பிறகுதான் ஆளைப் பார்க்காமல் எழுதுவதை விட்டேன்.

ஆடியவரும் காலப்போக்கில் பத்திரிகையை நம்பிவிடுவதுண்டு. அப்படி இருக்கலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு விடைபெற்றேன். பிலோமினா லிஃப்ட்வரை கூடவே வந்தார்.

"பிறம்ரனிலை இவற்றை தம்பியார் இருக்கிறார். பஸ்ரியான். உங்கடை புத்தகத்துக்கு அவரையும் ஒருக்காப் பாத்தா நல்லது."

"அவரும் விளையாடினவரோ?"

"பாருங்கோ. நான் சொன்னது எண்டு இவருக்குச் சொல்லாதேங்கோ. ஆறு வரியமா ரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை."

லிஃப்ட் வந்தது. இந்த முறை கட்டிலுக்குரிய மெத்தை உள்ளே இருந்தது. நான் மெத்தையோடு இறங்கினேன்.

சனிக்கிழமை கருணா என்னைப் பிறம்ரனுக்கு ஏற்றிக்கொண்டு போனான். அவனுக்கு அன்று ஓய்வு நாள். அதை வீணாக்கிவிட்டேன் என்பதை அவன் வழி முழுக்க வெவ்வேறு விதமாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய எக்ஸிற்றை விட்டுவிட்டான். அடுத்த எக்ஸிற்றில் இறங்கித் திரும்பினால் ஒரே மாதிரியான வெயர்ஹவுஸ்கள், ஒரே மாதிரியான லொறிகள். வழி கேட்க மனிதர் எவரும் இல்லை. எங்கள் நாட்டில் வழி தவறினால் பத்துப் பேர் வந்து பத்து வழி சொல்வார்கள், கடைசியில் தேநீர் குடித்துவிட்டுப் புறப்படலாம். இங்கே தவறினால் தவறியதுதான். அரை மணி நேரம் சுற்றிய பிறகு வீட்டை நாங்களாகவே கண்டுபிடித்தோம்.

கதவைத் திறந்தவள் பஸ்ரியானின் மகள் ஜெனோவா. அப்பா மட்ச் பார்க்கிறார் என்றாள். உள்ளே கிறகோரியின் அதே முகம், மை பூசாத நரையோடு, கதிரையில் இருந்தது. ஒருவரை மற்றவர் என்று நினைத்துக் கும்பிடுகிற அளவுக்கு ஒற்றுமை. தொலைக்காட்சியில் சத்தம் இல்லை.

"சத்தத்தைக் கூட்டட்டோ?" என்று கருணா கேட்டான்.

"வேண்டாம். உவங்கள் பாத்ததைச் சொல்லமாட்டாங்கள். சொல்லுறதுக்கு ஏத்தமாதிரிப் பாப்பாங்கள்" என்றார் பஸ்ரியான்.

ஊரில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே ஒரு வெயர்ஹவுசில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறார். விளையாடியதுண்டா என்று கேட்டேன். சின்ன வயதில் எல்லோரும் உதைப்பதுதானே என்றார். ஜெனோவா சிரித்தாள். "அப்பாவோ? அப்பா பந்தைத் தொட்டதை நான் ஒருநாளும் காணேல்லை. பெரியப்பாதான் விளையாட்டுக்காரர்" என்றாள். அவள் கணவாய்க் கறியைப் பார்க்க உள்ளே போனாள். கருணாவும் வாசனையின் பின்னால் போனான்.

நான் படத்தையும் பட்டியலையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரலை வைத்து இறங்கினார். பதினோராவதில் விரல் நின்றது.

"நாட்டுக்கு விளையாடின எல்லாற்றை பேரும் உங்கடை புத்தகத்திலை வருமோ?"

"எல்லாரும் வருவினம்."

அவர் விரலை எடுக்கவில்லை. நான் அந்தக் கோலைச் சொல்லத் தொடங்கினேன். இடப்புறத்திலிருந்து பந்து வந்தது, காவலர் இருவர் நின்றார்கள், மின்னல் வேகத்தில் தலையால்...

"எங்கை தலையாலை அடிச்சது!" என்றார்.

அவர் சொன்ன சத்தத்தில் தொலைக்காட்சி மட்ச் அற்பமாகிவிட்டது.

"அந்தச் சேத்துக்கை ஆர் எழும்பிறது? நான் சறுக்கி விழுந்தனான். விழேக்கை பந்து வந்து இந்த முழங்காலிலை பட்டுது. பேந்து பாத்தா உள்ளுக்கை கிடக்கு. கோல்காரன் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தன். ரண்டு பேருக்கும் என்ன நடந்தது எண்டு தெரியேல்லை."

வலது முழங்காலைத் தட்டிக் காட்டினார். பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, மிச்சத்தையும் சொன்னார்.

கந்தோரில் சேர்ந்து வேலை நிரந்தரமாகாத காலம். விளையாட்டுக்காரன் என்று தெரிந்தால் மேலதிகாரி நிரந்தரமாக்க மாட்டார் என்று பயந்து, கழகத்தில் அண்ணனின் பெயரில் ஆடினார். நன்றாக ஆடியதால் தேசிய அணிக்குத் தெரிவானவரும் "கிறகோரி"தான். வெளிநாடு போக வேண்டும். கிறகோரி அப்போது கப்பலிலிருந்து விடுமுறையில் நின்றார். அவரிடம் பாஸ்போட் இருந்தது. முகம் ஒன்றுதானே. பஸ்ரியான் கந்தோருக்கு மெடிக்கல் சேட்டிபிக்கற் அனுப்பினார், வயித்தாலடி என்று, அதாவது ஓயாத வயிற்றுப்போக்கு. அண்ணனின் பாஸ்போட்டில் ஏறிப் போய்விட்டார்.

"கந்தோரிலை இருந்து பியோன் வருத்தம் பாக்க வந்தவன், தோடம்பழத்தோடை. அண்ணைதான் என்ரை சாரத்தைக் கட்டிக்கொண்டு, போர்வையை மூடிக்கொண்டு, நான் மாதிரிப் படுத்தவன். பியோன் போகுமட்டும் முனகினவனாம். ரண்டு கிழமை வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை. வெளிக்கிட்டா அவன் வெளிநாட்டிலை எல்லோ நிக்கவேணும்."

வேறொருவரின் பாஸ்போட்டில் தலைமாற்றிக் கனடாவுக்கு வந்த கதைகளை அந்த மூன்று நாளில் லிஃப்டிலும் மீன்கடையிலும் எத்தனையோ கேட்டுவிட்டேன். இப்படி உயிருக்குப் பயந்து ஓடாமல், நாட்டுக்கு விளையாடுவதற்காகத் தலைமாற்றிப் போனவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"பிறகு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா வேலை போயிடும். வேலை போனா பென்சன் போயிடும். கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும் எண்டு எங்கடை அப்பு சொல்லிச் சொல்லியே வளத்தவர். வந்து ஒரு மாசத்திலை நிரந்தரமாக்கி, மட்டக்களப்புக்கு மாத்தினாங்கள். அதோடை பந்தும் முடிஞ்சுது."

"இப்ப ஓய்வு பெற்றிட்டீங்கள்தானே. இப்ப என்ன பயம்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இப்பத்தான் கூடப் பயம். வரியத்துக்கு ஒருக்கா, நான் உயிரோடை இருக்கிறன் எண்டு கையெழுத்து வைச்சு அனுப்புறன். உது புத்தகத்திலை வந்தா, பொய்ச் சேட்டிபிக்கற் எண்டு நிப்பாட்டிப் போடுவாங்கள்."

முப்பது வருடத்துக்கு முந்திய வயித்தாலடிக்காக எவரும் பென்சனை நிறுத்த மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அரசாங்க வேலை செய்யாதவனுக்கு அரசாங்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். பிறகு பட்டியலை மறுபடி எடுத்தார்.

"எல்லாற்றை பேரும் இருக்கு. என்ரை மட்டும் இல்லை" என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது.  

அண்ணனோடு ஏன் பேச்சில்லை என்று கேட்டேன். கோலை அண்ணன் எடுத்துக்கொண்டதாலா?

"சீ. அவனுக்குத்தான் குடுத்தனான். அவனும் படுத்து முனகினவன்தானே. ஜெனோவான்ரை கலியாணத்திலை மேடையிலை ஏறிக் கதை சொன்னான். நானும் முன்வரிசையிலை இருந்து கேட்டுக்கொண்டு இருக்கிறன். தலையாலை அடிச்சனாம். மின்னலாம். நான் வந்த அண்டைக்கே முழங்காலைக் காட்டி, நடந்ததை அவனுக்கு ஒண்டும் விடாமல் சொன்னனான். தெரிஞ்சுகொண்டு பேப்பரிலை வந்த பொய்யைச் சொல்லுறான். என்ரை கோலை அவன் வைச்சிருக்கட்டும். ஆனா நடந்தமாதிரி எல்லோ வைச்சிருக்கவேணும்?"

எனக்குக் காது சுட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆறு வருடமாக இரண்டு சகோதரர்கள் பேசாமல் இருந்தது நான் நிரப்பிய அரைப் பத்தியினால்.

"பேப்பரிலை அதை எழுதினது நான்தான்" என்றேன். "தந்தியிலை தலை இல்லை. நான் போட்டது."

பஸ்ரியான் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களோ? உந்தத் தலையை எழுதினவன் ஆர் எண்டு இவ்வளவு காலமும் யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

ஏசுவார் என்று நினைத்தேன். அதற்குள் ஜெனோவா சாப்பிடக் கூப்பிட்டாள். புட்டும் கணவாய்க் கறியும். பஸ்ரியான் சட்டியிலிருந்து பெரிய துண்டுகளாகத் தேடித் தன்னுடைய கோப்பைக்கும் கருணாவின் கோப்பைக்கும் மட்டும் போட்டார். எனக்குக் குழம்பு கிடைத்தது. அதை நியாயமான தண்டனை என்று ஏற்றுக்கொண்டேன்.

அன்று பின்னேரம் வோபர்னிலிருந்து கிறகோரிக்குத் தொலைபேசி எடுத்தேன். தம்பியைப் பார்த்தேன் என்றும், தலையால் அடித்ததாக எழுதியது நான் என்றும், அது என் கற்பனை என்றும் சொன்னேன்.  அவர், "நாளைக்குப் பார்க்கிலை ரூர்னமெண்ட் இருக்கு. நான்தான் பிரதம விருந்தினர்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நான் பிறம்ரனுக்கும் எடுத்தேன். சும்மா பந்தைப் பார்க்க வாருங்கள் என்றேன். பஸ்ரியான் பார்ப்போம் என்றார். எங்கள் ஆட்கள் பார்ப்போம் என்றால் பெரும்பாலும் வரமாட்டார்கள்.

ஞாயிறு காலை ஸ்காபரோவில் ஒரு பார்க். ஊர்ச் சங்கம் நடத்தும் கோடைகால உதைபந்தாட்டம். கூடாரத்துக்குள் கொத்துரொட்டிச் சத்தம், வெளியே ஒலிபெருக்கிச் சத்தம். மட்டன் ரோல்ஸ் பத்து மணிக்கே முடிந்துவிட்டது. ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. மத்தியஸ்தர் எந்த ஊர் என்பதிலேயே முதல் ஒரு மணி நேரம் போனது. இந்த ஒரு விடயத்தில் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் வித்தியாசம் கிடையாது.

இறுதி ஆட்டத்துக்கு முன் பிரதம விருந்தினரை அழைத்தார்கள். கிறகோரி கோட்டும் சூட்டும் போட்டு வந்தார். அதே நேரம் தூரத்தில் ஜெனோவாவின் கார் வந்து நின்றது. பஸ்ரியான் மடக்குக் கதிரையைத் தானே தூக்கி வந்து கோர்ணர் கொடிக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தார். கிறகோரி அதைக் கண்டார்.

மைக்கைப் பிடித்தார். மழை, சேறு எல்லாம் சொன்னார். "அப்பத்தான், இடப்புறமிருந்து வந்த பந்தை..." என்று தொடங்கினார். நின்றுவிட்டார். ஒலிபெருக்கியில் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"அந்தக் கோல் நான் அடிக்கேல்லை. என்ரை தம்பி அடிச்சது. அந்தா அதிலை இருக்கிறான்."

 பார்க் முழுக்கக் கைதட்டல். அறிவிப்பாளர் மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா மக்களே, இதுதான் தன்னடக்கம்! தன்ரை பெருமையைத் தம்பிக்குக் குடுக்கிற மனசு ஆருக்கு வரும்!" என்றார். கைதட்டல் இன்னும் கூடியது. யாரோ மாலை கொண்டு ஓடினார்கள். கிறகோரி, "இல்லை, நான் உண்மையாத்தான் சொல்லுறன்" என்று கையை ஆட்டினார். மாலை கழுத்தில் விழுந்துவிட்டது.

முப்பது வருடத்தில் முதல் தடவையாக உண்மை சொல்லப்பட்டது. நம்பியவர் எவரும் இல்லை. நம்பிவிடுவார்களோ என்று பயந்தவர் ஒரே ஒருவர்தான். பஸ்ரியான் கதிரையை விட்டு எழும்பினார். இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"பொய்! அவன்தான் அடிச்சவன்! நான் அண்டைக்கு வயித்தாலடி!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் விடவில்லை.

"ஆனா தலையாலை இல்லை! முழங்காலாலை!"

கிறகோரி மாலையோடு மைதானத்தைக் குறுக்கே நடந்தார். இரண்டு அணியும் விலகி வழிவிட்டன. நானும் ஓரமாக ஓடிப் போனேன், முதல் வார்த்தை என்ன என்று கேட்க. அது நிருபரின் கெட்ட பழக்கம். கிறகோரி தம்பியின் முன்னால் நின்றார். ஆறு வருடம் கழித்து அவர் கேட்டது இதுதான்.

"இப்ப வயித்துக்கு எப்பிடி?"

பஸ்ரியான் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அழுதார். கிறகோரி மாலையைக் கழற்றி மடக்குக் கதிரையின் முதுகில் போட்டார். இருவருக்கும் ஒரு கதிரைதான் இருந்தது. இரண்டு பேரும் இறுதி ஆட்டம் முடியுமட்டும் நின்றே பார்த்தார்கள். ஒன்றும் விளங்காமல் நின்ற ஜெனோவாவுக்குப் பிலோமினா கூடாரத்தின் பின்னால் வைத்து நடந்ததை ஆறுதலாகச் சொல்லிக்கொடுத்தார்.

புறப்படும்போது பஸ்ரியான் என்னைக் காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அவன்ரை பேரையே போடுங்கோ. முழங்கால் எண்டதை மட்டும் மறக்காமல் போடுங்கோ."

"உண்மையை எழுதத்தானே நான் இவ்வளவு தூரம் வந்தனான்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் செத்தாப் பிறகு ரண்டாம் பதிப்பிலை மாத்துங்கோ. அப்ப பென்சன் எப்பிடியும் நிண்டிடுந்தானே."

புத்தகம் அடுத்த வருடம் வந்தது. சூ. கிறகோரி, கோல், முழங்காலால் என்று போட்டேன். ஒரு தேசிய வீரரைக் கேவலப்படுத்திவிட்டதாக ஒரு வாசகர் எனக்குக் கடிதம் எழுதினார். வேறு எவரும் அந்தப் பக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. முதல் பதிப்பில் பெரும்பகுதி என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. எங்கள் நாட்டில் உதைபந்தாட்டப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வராது என்று எனக்கு அன்றே தெரியும். அவருக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

போன மாதம் பிறம்ரனிலிருந்து ஜெனோவா கடிதம் எழுதியிருந்தாள். அப்பா காலமாகிவிட்டார் என்றும், கடைசிவரை பெரியப்பா பக்கத்தில் இருந்தார் என்றும் எழுதியிருந்தாள். கீழே இன்னொரு வரி: "உங்களுக்கு இதை அறிவிக்கச் சொல்லி அப்பா சொன்னவர். பென்சன் நின்றுவிட்டது."

ஆகவே இரண்டாம் பதிப்புக்குக் காத்திராமல் இங்கேயே திருத்துகிறேன். பட்டியலில் பதினோராவது பெயர் சூ. பஸ்ரியான். நாட்டுக்காக ஆடியது ஒரு ஆட்டம். ஒரு கோல், முழங்காலால்.